டர்போ டாக்டர் என்று கூப்பிடாதீர்கள்

மைசூரில் ஒரு கார் எஞ்சினைக் குனிந்து பார்த்து, "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்கோ" என்று சொன்ன மனிதர் ஒருவர்தான். அவர் எங்கள் வீட்டுக்காரர். வாடகை வாங்குகிற வீட்டுக்காரர்; நீங்கள் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழில் பல் வைத்தியம். ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவர் டர்போ டாக்டர். அப்படிக் கூப்பிட்டவர்கள் ஒருவரையும் அவர் சும்மா விட்டதில்லை. நிறுத்தி வைத்துத் திருத்துவார்.

"டர்போன்னா எஞ்சின் விடற புகையில சுத்தறது. என்னுது பெல்ட்டுல சுத்தறது. அதுக்குப் பேரு சூப்பர்சார்ஜர். எங்க, சொல்லுங்கோ பார்ப்போம்."

பால்காரர் சொன்னார். தபால்காரர் சொன்னார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் மட்டும், "ஆய்த்து டர்போ சார்" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டுத் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் அப்போது நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலையில் இருந்தேன். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். சரஸ்வதிபுரத்தில் டாக்டர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே முன்பக்கம் அவருடைய கிளினிக், பின்பக்கம் வீடு, பக்கவாட்டில் போர்ட்டிகோ. போர்ட்டிகோவில் அந்தக் கார்.

ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், மேலே துணிக்கூரை, ஒரு காலத்தில் சிவப்பு. வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பிய ஓர் இன்ஜினியர் கூடவே கொண்டுவந்து, கல்யாணமாகி இரட்டைக் குழந்தை பிறந்ததும் டாக்டர் தலையில் கட்டிவிட்டுப் போனாராம். பட்டனை அழுத்தினால் முன்விளக்குகள் இரண்டும் மூடியைத் திறந்துகொண்டு தவளைக் கண் மாதிரி எழும்ப வேண்டும். இடது கண் எழும்பும். வலது கண் யோசிக்கும். டாக்டரின் கார் எதிரே வருகிறவர்களைப் பார்த்துக் கண்ணடிக்கிறது என்று தெருவில் ஒரு புகாரே இருந்தது. வண்டிக்கு ஏறக்குறைய என் வயசு. மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதிலும் என்னைப் போலத்தான்.

டாக்டரின் மனைவி பத்மா ஆன்ட்டி ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு பேருக்கும் பூர்வீகம் மேல்கோட்டை. வீட்டுக்குள் பேசுவது ஐயங்கார்த் தமிழ். சண்டை என்று வந்தால் கன்னடத்துக்கு மாறிவிடுவார்கள். கீழே எந்த மொழி கேட்கிறது என்று காது கொடுத்துவிட்டுத்தான் நான் மாடியிலிருந்து இறங்குவேன். ஆன்ட்டி யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை. சும்மா நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பார். நமக்குப் பையைத் துழாவி டிக்கெட்டைத் தேடத் தோன்றும்.

எல்லாம் ஒரு டவுன் பஸ்ஸால் வந்தது. ஒரு சனிக்கிழமை இருவரும் காரில் சாமுண்டி மலைக்குக் கிளம்பினார்கள். பாதி மலையில் கார் திணறியது. டாக்டர் ஏசியை அணைத்தார். பிறகு ரேடியோவை அணைத்தார். ரேடியோவுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆன்ட்டி கேட்டதற்கு, "அதுக்குக் கொஞ்சம் பாரம் குறையட்டும்" என்றார். அப்போது பின்னால் வந்த டவுன் பஸ் ஒன்று, உள்ளே நிற்க இடமில்லாத கூட்டத்தோடு, ஹாரன் அடித்து இவர்களை முந்திக்கொண்டு போனது. கண்டக்டர் படியில் நின்று தலையை நீட்டி, "தள்ளபேகா சார்?" என்று கேட்டார். இறங்கித் தள்ளிவிடட்டுமா என்று அக்கறையாகத்தான் கேட்டார். ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் கையாட்டினார்கள்.

ஆன்ட்டி பதிலுக்குக் கையாட்டினார். டாக்டரால் தாங்க முடியாமல் போனது அதுதான்.

இது நடந்து கொஞ்ச நாளில் கிளினிக் போர்டு சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டது. ஏன் டாக்டர் என்று கேட்டேன்.

"போதும்மா. இத்தனை வருஷமா ஊர் வாயைப் பார்த்தாச்சு. அதுல பார்க்க ஒண்ணும் புதுசா இல்லை."

கன்னம் வீங்கி வந்தவர்கள் கேட்டில் நின்று கெஞ்சினார்கள். "அடுத்த தெருவுல ஒரு நல்ல பையன் இருக்கான், என்னைவிட மெதுவாப் பிடுங்குவான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால்கூட எதிர் வரிசையில் மெல்லுகிறவர்களின் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதர் அவர். இருந்தாலும் வீட்டுக்காரரிடம் அதற்கு மேல் கேட்க முடியுமா.

பிறகு பெட்டிகள் வந்தன. கடல் தாண்டி வந்த பெரிய அட்டைப் பெட்டிகள். டாக்டர் அவற்றைக் கிளினிக்குக்குள் கொண்டுபோய்ப் பிரித்தார். சாயங்காலம் வேலை முடிந்து வந்து எட்டிப் பார்த்தேன். நோயாளிகள் சாய்ந்துகொள்ளும் நாற்காலியில், தலை வைக்கும் இடத்தில் தலையணை போட்டு, ஒரு சுரைக்காய் அளவுக்கு அலுமினியச் சாமான் ஒன்றைப் படுக்க வைத்திருந்தார். மேலே அந்தப் பளிச்சென்ற விளக்கு எரிந்தது. கையில் உறை போட்டுக்கொண்டு, வாய்க்குள் விட்டுப் பார்க்கும் குட்டிக் கண்ணாடியால் அதன் உள்பக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"இதுதான் சூப்பர்சார்ஜர். உள்ள ரெண்டு உருளை இருக்கு, பார்த்தியா. ஒண்ணுக்கொண்ணு இடிச்சுக்காம சுத்தும். சாதாரண எஞ்சின் தானா மூச்சு இழுக்கும். எவ்வளவு வரதோ அவ்வளவுதான். இது காத்தைப் பிடிச்சு உள்ள தள்ளும். குழந்தை சாப்பிட மாட்டேன்னா மூக்கைப் பிடிச்சு ஊட்டறோமே, அது மாதிரி."

"பழைய எஞ்சின் ஆச்சே டாக்டர். தாங்குமா?"

"அதைத்தான் நானும் அதுகிட்ட கேட்டுண்டிருக்கேன்."

இப்படியாக எங்கள் வீட்டில் கார் வைத்தியம் ஆரம்பித்தது. காரின் மூடியைத் திறந்து, பழைய குழாய்களையும் காற்று வடிகட்டியையும் கழற்றி, தட்டில் துணி விரித்து வரிசையாக அடுக்கினார். எட்டாத இடத்துப் போல்ட்டை ஸ்பானரின் வாயில் மெழுகு வைத்து ஒட்டி உள்ளே விட்டார். பல் செட்டு செய்கிற மெழுகு. சூப்பர்சார்ஜரைப் பொருத்தினால் மேல்மூடி இடிக்குமா என்று பார்க்க, பல் அச்சு எடுக்கிற பசையைக் குழைத்து அதன் தலையில் அப்பி, மூடியை இறக்கி, "கடி. நன்னாக் கடி. இப்போ திற" என்றார். கார் நன்றாகக் கடித்திருந்தது. அச்சில் ஒரு நூல் அளவு இடைவெளி தெரிந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

அப்புறம்தான் ஒரு குண்டு வெடித்தது. பெட்டிகளில் வந்த அந்த சூப்பர்சார்ஜர் கிட் இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிற தேசத்துக்காகச் செய்தது. நம் கார்களில் ஸ்டீயரிங் வலது பக்கம். பிரேக் எண்ணெய் டப்பாவும் வலது பக்கம். சூப்பர்சார்ஜருக்குக் காற்று கொண்டுபோகிற குழாய் நேராக அந்த டப்பாவின் மேல் போய் முட்டியது.

டாக்டர் அதைப் பார்த்து வருத்தப்பட்டதாகவே தெரியவில்லை. "ஞானப்பல்" என்றார். "இடமில்லாம பக்கத்துப் பல்லை முட்டறது."

ஞானப்பல்லைப் பிடுங்கி எறியலாம். குழாயை எறிய முடியாது. வளைத்து வேறு வழியில் கொண்டுபோக வேண்டும். எங்கள் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அலுமினியம் பற்றவைக்கிற பட்டறை ஒன்று இருப்பதாக வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் முழுவதும் யானைத் தும்பிக்கை மாதிரியான ஒரு குழாயை மடியில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் போய் வந்தேன். பட்டறைக்காரர் வளைத்துக் கொடுப்பார், டாக்டர் வைத்துப் பார்ப்பார், எங்கேயாவது இடிக்கும், மறுநாள் காலை குழாயும் நானும் மறுபடி பஸ்ஸில். தொழிற்சாலை வாசல் காவலாளி உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் வேறு சீட்டுக்கு மாறிவிட்டாள். கடைசியில் ஒருவழியாகக் குழாய் எதையும் தொடாமல் வளைந்து போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை சூப்பர்சார்ஜரை எஞ்சினில் ஏற்ற வேண்டும். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். எஞ்சினுக்குள் காற்று போகிற நாலு துவாரங்களும் பஞ்சு வைத்து அடைத்திருந்தன. டாக்டர் பஞ்சை எடுத்தார். போல்ட்டை எடுத்தார். போல்ட் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடி நழுவியது. மறுபடி கொடுத்தேன். இந்தத் தடவை அது நேராகத் திறந்திருந்த ஒரு துவாரத்துக்குள் போய் விழுந்தது. எங்கோ ஆழத்தில் 'டிண்' என்று ஒரு சத்தம்.

எஞ்சினுக்குள் இரும்பு போனால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும்.

"கை ஈரம்" என்றார் டாக்டர்.

கை ஈரமாக இல்லை. நான் அவர் கையைப் பார்த்தேன். வலது கை தனியாக ஆடிக்கொண்டிருந்தது. அவர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

பத்மா ஆன்ட்டி எப்போது வந்து பின்னால் நின்றார் என்று தெரியவில்லை. "அவகிட்டச் சொல்லிடுங்கோ" என்றார். "டார்ச் பிடிக்கிற பொண்ணு. அவளுக்குத் தெரியணும். அவ என்ன ஊருக்கா சொல்லப் போறா?"

(நான் இப்போது வாரப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருவரிடமும் கேட்டுவிட்டுத்தான். டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதை மீறித்தான் தலைப்பே வைத்திருக்கிறேன்.)

டாக்டர் காரின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். ஒரு சின்னப் பெண் பல் பிடுங்க வந்திருக்கிறாள். ஊசியை எடுத்துக்கொண்டு அவள் வாய்ப் பக்கம் போகும்போது கை ஆடியிருக்கிறது. குழந்தை கையைப் பார்த்தது, அவர் முகத்தைப் பார்த்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பயப்படாதீங்க அங்கிள் என்று கன்னடத்தில் சொல்லியிருக்கிறது.

"நான் குழந்தைகளுக்குச் சொல்ற வார்த்தை அது. என்கிட்டயே சொல்லிடுத்து" என்றார். "ஊசியைக் கீழ வச்சேன். அன்னிக்கு சாயங்காலமே போர்டைத் திருப்பிட்டேன். நரம்பு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கான். குறையுமாம், போகாதாம். எஞ்சின்னா வலிச்சாலும் கத்தாது, அதுகிட்ட கை எப்படி இருக்கு பார்க்கலாம்னு நினைச்சேன்."

நான் டார்ச்சை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார்.

"முதல்ல அந்த போல்ட்டை எடுக்கணும். காந்தம் இருக்கா?"

தையல் பெட்டியில் ஊசி பொறுக்குகிற காந்தம் இருந்தது. அதை நூலில் கட்டித் துவாரத்துக்குள் இறக்கினார். டாக்டர் காதை எஞ்சினில் வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் கீழ, இப்போ வலது பக்கம்" என்று வழி சொன்னார். போல்ட் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு மேலே வந்தது. ஆன்ட்டி அதைத் துடைத்து, இடத்தில் வைத்து, விரலால் திருகி உட்கார வைத்தார்.

"இனிமே வாய் உங்களோடது, கை என்னோடது" என்றார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. சத்தமாகவும் நடந்தது. ஆன்ட்டி கிட்டோடு வந்த விளக்கப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்தார். டாக்டர் அதை அதுவரை பிரிக்கவே இல்லை. பெல்ட் ஓடுகிற சக்கரத்தை அவர் திருப்பி மாட்டியிருந்ததை ஆன்ட்டி கண்டுபிடித்து, "இது ஏற வேண்டிய கோச் வேற" என்று கழற்றினார். அந்த வாரம் கீழ் வீட்டில் கன்னடம்தான் அதிகம் கேட்டது. பெட்ரோல் பீச்சுகிற குழல்களைப் பெரிதாக மாற்றினார்கள். எஞ்சினுக்குள் தீப்பொறியைக் கொஞ்சம் தாமதமாகத் தட்டச் சொல்கிற சின்னப் பெட்டி ஒன்றை இணைத்தார்கள். பழைய எஞ்சின் வெடித்துவிடக் கூடாதே என்று டாக்டர் எல்லா அளவுகளையும் அடக்கமாகவே வைத்தார்.

முதல் தடவை சாவியைத் திருப்பியபோது பெல்ட் போட்ட கீச்சலில் தெரு நாய்கள் எல்லாம் எங்கள் கேட்டுக்கு வந்துவிட்டன. பெல்ட்டை இறுக்கினார்கள். இரண்டாவது தடவை ஒரு ரப்பர் குழாய் பட்டென்று கழன்று போய் எதிர்வீட்டு ரங்கோலியில் விழுந்தது. டாக்டர் போய் மன்னிப்புக் கேட்டு எடுத்து வந்தார். எதிர்வீட்டு அம்மாள், "டர்போ சரியாய்த்தா சார்?" என்று விசாரித்தாராம். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் திருத்த முடியாமல் வந்தது அவருக்கு அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவது தடவை எஞ்சின் கிளம்பி, மெல்லிய ஒரு ஊளையோடு சீராக ஓடியது. ஆன்ட்டி கேட்டில் எலுமிச்சம்பழம் வைத்தார்.

மலையில்தான் சோதனை என்பது எல்லோருக்கும் தெரியும். காரில் இரண்டே சீட் என்பதால் நான் முன்னாடியே டவுன் பஸ்ஸில் ஏறி உச்சிக்குப் போய்க் காத்திருப்பது என்று ஏற்பாடு. ஆனால் நான் கிளம்புவதற்கு முன்பு போர்ட்டிகோவில் நடந்ததைப் பார்த்தேன்.

டாக்டர் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். கியர்க் குமிழில் வலது கை... இல்லை, கியர் நமக்கு இடது பக்கம், இடது கைதான். வலது கை ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தது. ஸ்டீயரிங் லேசாக ஆடியது. எஞ்சின் இன்னும் போடவில்லை. பிறகு கதவைத் திறந்து இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போய் நின்றார்.

"பத்மா. நீ ஓட்டு."

ஆன்ட்டிக்கு வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்தே லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் அந்தக் காரைத் துடைக்கக்கூட டாக்டர் விட்டதில்லை. ஆன்ட்டி அவரை ஒரு பார்வை பார்த்தார். டிக்கெட் கேட்கிற பார்வை கிடையாது, வேறு மாதிரி. பிறகு செருப்பைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

நான் பஸ் பிடிக்க ஓடினேன்.

பஸ் மலையில் பாதி ஏறியிருக்கும். பின்னால் ஒரு ஊளை கேட்டது. மிக்ஸியில் பெருங்காயத்தைப் போட்டது மாதிரி. டிரைவர் கண்ணாடியைப் பார்த்து வழி விட்டார். ஜன்னலில் எட்டிப் பார்ப்பதற்குள் ஒரு சிவப்பு எங்களைத் தாண்டிப் போனது. பத்மா ஆன்ட்டியின் முகத்தை ஒரு கணம் பார்த்தேன். வாய் மூடி, கண் சாலையில். பக்கத்தில் டாக்டர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். உதடு அசைந்தது. என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்று பிறகு ஆன்ட்டியைக் கேட்டேன். "சஹஸ்ரநாமம். பாதிக்குமேல வரிசை மாறிப் போயிடுத்து" என்றார்.

நான் உச்சிக்குப் போனபோது கார் நிழலில் நின்றுகொண்டிருந்தது. மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். இருவரும் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வளைவில் அவ்வளவு வேகம் தேவையா என்பது அவர் கட்சி. வேகம் வேண்டாமென்றால் எதற்கு இத்தனை நாள் போர்ட்டிகோவை அடைத்துக்கொண்டு வேலை பார்த்தோம் என்பது ஆன்ட்டி கட்சி. நான் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"எப்படி இருந்தது டாக்டர்?"

அவர் எஞ்சினையே பார்த்தார். "மூணாவது கியர்ல நன்னாத் தள்றது. திணறலே இல்லாம ஏறித்து" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இவளுக்கு இரக்கமே கிடையாதும்மா. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். இதைத் தமிழில் சொன்னார்.

அன்று முதல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஆன்ட்டி ஓட்ட, டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போவார். மேல்கோட்டைக்குப் போய்ப் புளியோதரை வாங்கி வருவார்கள். வீட்டுக்கு வந்து பிரித்தாலும் புளியோதரை இன்னும் சூடாக இருக்கிறது என்று ஆன்ட்டி அடிக்கடி குறிப்பிடுவார். டாக்டருக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

இரண்டு வருஷம் போல ஆகியிருக்கும். எனக்கு ஓசூருக்கு மாற்றல் வந்தது. சாமான்கள் லாரியில் போய்விட்டன. கிளம்புகிற அன்று என்னை ஸ்டேஷனில் கொண்டுபோய் விடுவோம் என்றார்கள். இரண்டு சீட்தான். ஆன்ட்டி ஓட்ட, நான் பக்கத்தில். டாக்டர் என் பெட்டியோடு ஆட்டோவில் பின்னால் வருவது என்று தீர்மானமானது. எங்கள் கார் தெருமுனை திரும்பும்போது ஆட்டோ இன்னும் கேட்டைத் தாண்டவில்லை.

பிளாட்பாரத்தில் ஆன்ட்டி என் டிக்கெட்டை வாங்கி, தேதி, கோச், சீட் எல்லாம் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். ரயில் கிளம்புகிற நேரம் ஆகிவிட்டது. டாக்டரைக் காணோம். நான் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஓடி வந்தார். யாரோ ஒருவர் அதைக் கதவு வழியாக வாங்கி உள்ளே வைத்தார். டாக்டர் நேராக என் ஜன்னலுக்கு வந்தார். நான் ஏதோ நன்றி சொல்ல ஆரம்பித்தேன்.

"வாயைத் திற" என்றார்.

"என்ன டாக்டர்?"

"நேத்து நீ சிரிச்சப்போ கவனிச்சேன். திற."

சுற்றிலும் ஆட்கள். நான் வாயைத் திறந்தேன். அவர் போன் விளக்கைப் போட்டு, வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கம்பிகளுக்கு வெளியே நின்று உள்ளே பார்த்தார். வெளிச்சம் என் முகமெல்லாம் ஆடியது.

"கீழ் வரிசை, வலது பக்கம், கடைசிக்கு முந்தினது. சின்னதா ஆரம்பிச்சிருக்கு. அங்க போய்க் கண்டவன்கிட்டயும் காட்டாதே. லீவுல இங்க வா. நான் பார்த்துக்கறேன்."

நான் வாயைத் திறந்தபடியே தலையாட்டினேன். ரயில் நகர்ந்தது.

ஓசூரில் நான் குடியிருக்கிற வீட்டுக்குக் கீழேயே ஒரு பல் கிளினிக் இருக்கிறது. நல்ல பெண், படியில் பார்த்தால் சிரிப்பாள். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் அந்தப் பல் கூசுகிறது. இன்னும் யாரிடமும் காட்டவில்லை.